என்ஜின் நின்ற பிறகும் விமானம் பறக்கும்

[காட்சி: வெள்ளி நிறப் பழைய விமானம், ஓடுதளம்]

2015 மார்ச் 5. அமெரிக்காவின் சாண்டா மோனிகா விமான நிலையத்திலிருந்து ரயன் பிடி-22 என்ற பழைய பயிற்சி விமானம் கிளம்புகிறது. 1942-இல் செய்தது. ஓட்டுபவர் நடிகர் ஹாரிசன் ஃபோர்ட். மேலே ஏறிய கொஞ்ச நேரத்திலேயே என்ஜின் சக்தி போய்விட்டது.

சரி, என்ஜின் நின்றால் விமானம் அப்படியே விழுந்துவிடுமா? விழாது. பெடல் மிதிக்காமலே சைக்கிள் சரிவில் ஓடுகிற மாதிரி, உயரத்தைச் செலவழித்து வேகத்தைக் காப்பாற்றிக்கொண்டு மிதந்து இறங்கும். செஸ்னா 172எஸ் என்ற சிறிய விமான ரகத்தில் 68 நாட், அதாவது மணிக்குச் சுமார் 126 கிலோமீட்டர் வேகத்தைப் பிடித்துவைத்தால், எதிர்க்காற்று இல்லாதபோது ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் கிட்டத்தட்ட 2.8 கிலோமீட்டர் போகலாம்.

அதனால் முதல் வேலை ரேடியோவில் உதவி கேட்பதல்ல. மூக்கைத் தாழ்த்தி அந்த வேகத்தைப் பிடிப்பதுதான். தரை பக்கத்தில் தெரியும்போது இதற்கு மனசு வராது. கை தானாகவே கட்டுப்பாட்டுக் கோலைப் பின்னால் இழுக்கும். இழுத்தால் வேகம் குறையும், இறக்கைமேல் காற்றோட்டம் சிதறும், தூக்குவிசை போய்விடும். இதுதான் ஸ்டால். தாழ்வான உயரத்தில் ஸ்டால் ஆனால் மீள இடமிருக்காது.

[காட்சி: மேலிருந்து பார்க்கும் வரைபடம், விமானம் வளைந்து திரும்புகிறது]

இன்னொரு ஆபத்து, ஓடுதளம் பின்னால்தானே இருக்கிறது, திரும்பிவிடலாம் என்ற ஆசை. 45 டிகிரி சாய்த்துத் திரும்பினால், ஸ்டால் ஆகும் வேகம் ஏறக்குறைய 19 சதவீதம் கூடிவிடும். 180 டிகிரி திரும்பினாலும் போதாது. ஓடுதளத்துக்குப் பக்கவாட்டில்தான் வந்து நிற்பீர்கள், மறுபடி வளைக்க வேண்டும். உயரம் போதாதென்றால், எதிரே தெரிகிற வயலிலோ சாலையிலோ இறக்குவதே சரி என்று உறுதியாக நினைக்கிறேன். விமானம் நொறுங்கினால் நொறுங்கட்டும், ஆள் பிழைக்க வேண்டும்.

உயரம் இருந்தால் காரணம் தேடலாம். பெட்ரோல் டேங்கை மாற்றிப் பார்ப்பார்கள். அப்புறம் கார்புரேட்டர் ஹீட், அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்குள் சூடான காற்றை விடுவது. வெளியே 20 டிகிரி வெப்பம் இருந்தாலும் ஈரப்பதம் மிகுந்தால் கார்புரேட்டருக்குள் ஐஸ் கட்டும். ஆவியாகும் பெட்ரோல் வெப்பத்தை உறிஞ்சிவிடுகிறது.

ஃபோர்டின் விமானத்தில் நடந்தது வேறு. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் ஜெட் என்ற சின்னப் பாகம் கழன்று, பெட்ரோல் அளவுக்கு மீறிப் பாய்ந்திருக்கிறது. அவரும் ஓடுதளத்துக்குத் திரும்பத்தான் முயன்றார். எட்டாது என்று தெரிந்ததும் பக்கத்திலிருந்த பென்மார் கோல்ஃப் மைதானத்துக்குத் திருப்பினார். மர உச்சியில் இடித்து இறங்கிப் பலத்த காயம்பட்டார், ஆனால் உயிர் தப்பினார். தோள் வார் சரியாகப் பொருத்தப்படாததும் காயத்தைக் கூட்டியது என்று விசாரணை அறிக்கை சொன்னது.