பெட்டியை வீட்டிலேயே எடை போடுங்கள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருபது வருடத்துக்கு மேலாக விமான டிக்கெட் போட்டுக் கொடுத்துவருகிறேன். டிக்கெட்டை வாங்கிக்கொண்டு எழுந்திருக்கும்போது அநேகமாக எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணா, எத்தனை கிலோ கொண்டுபோகலாம்?" கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அது பாதிக் கேள்வி. எதை எந்தப் பையில் வைக்க வேண்டும் என்பது மீதிப் பாதி. அதை நானும் பல வருடம் யாருக்கும் சொல்லாமல்தான் இருந்தேன். சொல்ல வைத்தது எங்கள் அக்கா.

அதற்கு முன்னால் அடிப்படைக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பஸ்ஸில் பெங்களூரு போகும்போது மூட்டையை டிக்கியில் போடுகிறோம், இல்லாவிட்டால் காலடியில் வைத்துக்கொள்கிறோம், கண்டக்டர் மிஞ்சினால் ஒரு லக்கேஜ் டிக்கெட் கிழிப்பார். விமானத்தில் பை இரண்டு வகை. கையோடு உள்ளே கொண்டுபோவது கேபின் பை. கவுன்டரில் எடை போட்டு, டேக் ஒட்டி, பெல்ட்டில் அனுப்புவது செக்-இன் பெட்டி. உள்நாட்டு விமானத்தில், சாதாரண வகுப்பில், பொதுவாகக் கேபின் பை ஒன்று, 7 கிலோ. செக்-இன் 15 கிலோ. கேபின் பையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 115 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். வெளிநாட்டுக்குக் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வளைகுடா நாடுகளுக்குப் பெரும்பாலும் மொத்த எடைதான் கணக்கு. அமெரிக்கா என்றால் பெட்டிக் கணக்கு, ஒரு பெட்டி 23 கிலோ. எந்த ஊருக்குப் போனாலும் ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் ஏற்ற மாட்டார்கள். உங்களுக்கு 40 கிலோ அனுமதி இருந்தாலும் அதை இரண்டு பெட்டியாகப் பிரித்தாக வேண்டும். குனிந்து நிமிர்ந்து நாளெல்லாம் பெட்டி தூக்குகிறவர்களின் முதுகெலும்பை நினைத்து வைத்த வரம்பு அது. எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

பெட்டிக்கும் எடை உண்டு, மறந்துவிடாதீர்கள். கெட்டியான பெரிய பெட்டி வெறுமனே நாலைந்து கிலோ வரும். 15 கிலோவில் அதைக் கழித்தால் பொருளுக்கு மிஞ்சுவது பத்து கிலோதான்.

சரி, அக்கா கதைக்கு வருகிறேன். சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்குப் பிரசவம். அக்காவுக்கு அதுதான் முதல் விமானப் பயணம், நானும் துணைக்குப் போனேன். அக்கா வீடு காவேரிப்பட்டணம் பக்கம். பெட்டியை அவரே கட்டினார். ராகி மாவு, குழந்தையைச் சுற்ற வெளுத்த பழைய நூல் சேலைத் துண்டுகள், மூன்று டின் மாம்பழக் கூழ், அப்புறம் பிரசவ லேகியம். சுக்கு, மிளகு, திப்பிலி எல்லாம் இடித்து, வெல்லப் பாகில் நெய்விட்டு, விறகடுப்பில் இரண்டு நாள் நின்று கிளறிய லேகியம் அது. கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, மூடிமேல் வெள்ளைத் துணி வைத்து, நூலால் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தார். பெட்டிக்கு வெளியே நைலான் கயிறு, அதில் ஏழெட்டு முடிச்சு.

பெங்களூருவின் தேவனஹள்ளி விமான நிலையத்தில் பெட்டியைத் தராசில் ஏற்றினோம். அனுமதி 30 கிலோ. தராசு 34-ஐத் தாண்டி நின்றது. ஒரே பெட்டி 32-ஐத் தாண்டியதால் பிரித்தாக வேண்டும், பிரித்தாலும் கூடுதல் கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும் என்றார்கள். அந்தத் தொகையைக் கேட்டதும் அக்கா பெட்டியைக் கீழே இறக்கச் சொல்லிவிட்டார். தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தார். பின்னால் வரிசை நிற்கிறது. பேரக்குழந்தைக்கு எடுத்துவைத்த துணிகளை நாலு பேர் பார்க்கிறார்கள் என்று முந்தானையால் மூடிக்கொண்டே மற்ற சாமானை வெளியே எடுத்தார். அந்தக் கை நடுக்கம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். எடையைக் குறைக்க வேண்டும் என்றால் எதை எடுப்போம்? சின்னதாக இருந்து கனமாக இருப்பதைத்தான் எடுப்போம். டின்னையும் பாட்டிலையும்தான் எடுப்போம். நாங்களும் அதையே எடுத்துக் கேபின் பையில் வைத்தோம். தராசு 30-க்கு இறங்கியது, பெட்டி பெல்ட்டில் போய்விட்டது, நிம்மதியாக நடந்தோம். பாதுகாப்புச் சோதனையில் பையை நிறுத்தினார்கள். வெளிநாட்டு விமானத்தில் கேபின் பைக்குள் நீர்ப்பொருள் 100 மில்லிக்கு மேற்பட்ட பாத்திரத்தில் இருக்கக் கூடாது. கூழும் லேகியமும் அவர்கள் கணக்கில் நீர்ப்பொருள்தான். "தம்பி, இது தண்ணி இல்லடா, மருந்துடா, சொல்லுடா" என்றார் அக்கா. நான் எந்த மொழியில் சொல்லியும் நடக்கவில்லை. மறுபடி பெட்டியில் வைக்கலாம் என்றால் பெட்டி எங்கள் கையில் இல்லை. மூன்று டின்னையும், துணி கட்டிய அந்தப் பாட்டிலையும் அங்கேயே விட்டுவிட்டுப் போனோம்.

அவர்கள் மேல் தப்பில்லை. 2006 ஆகஸ்டில் லண்டனில் நீர்ம வெடிபொருளைக் குளிர்பானப் பாட்டிலில் கொண்டுபோய் விமானங்களைத் தகர்க்கும் சதி பிடிபட்ட பிறகு உலகமெங்கும் வந்த விதி இது. பாட்டில் எவ்வளவு கொள்ளும் என்பதுதான் கணக்கு. 200 மில்லி பாட்டிலில் கால்வாசி எண்ணெய் இருந்தாலும் விடமாட்டார்கள். அதே லேகியம் செக்-இன் பெட்டியில் இருந்திருந்தால் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்திருக்கும். அங்கேயே இருந்ததை நாங்கள்தான் வெளியே எடுத்தோம்! வீட்டிலேயே எடை போட்டிருந்தால் ராகி மாவைக் குறைத்திருப்போம்.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், பெட்டியை வீட்டில் எடை போடுங்கள். தராசு இல்லையா? பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆள் நிற்கும் எடை மெஷினில் ஏறுங்கள், பிறகு வெறுமனே ஏறுங்கள், ஒன்றிலிருந்து மற்றதைக் கழியுங்கள். கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர்களுக்கு மண்டித் தராசே இருக்கிறது. எடை கூடும் என்று தெரிந்தால் முன்கூட்டியே ஆன்லைனில் கூடுதல் கிலோ வாங்கிவிடுங்கள், கவுன்டரில் கொடுப்பதைவிடக் குறைவாக முடியும்.

ஊறுகாய், நெய், மிளகாய்ப் பொடி, மசாலாப் பொடி, கூழ் டின் எல்லாம் செக்-இன் பெட்டிக்கு. கொப்பரைத் தேங்காய் எதிலும் கூடாது. எண்ணெய்ச் சத்து மிகுந்த பொருள், அடைபட்டுச் சூடேறினால் தானாகவே பற்றிக்கொள்ளும். முழுத் தேங்காயையும் கையோடு கொண்டுபோக விடுவதில்லை. சபரிமலை பக்தர்களின் இருமுடித் தேங்காய்க்கு மட்டும் 2024 அக்டோபரிலிருந்து 2025 ஜனவரி 20 வரை விலக்குக் கொடுத்தார்கள்.

பவர் பேங்க் இதற்கு நேர்மாறு. அது கேபின் பையில் மட்டும்தான். உள்ளே தீப்பிடித்தால் பணிப்பெண்கள் பார்த்து அணைப்பார்கள், அடியில் சரக்கறையில் பிடித்தால் யார் பார்ப்பது? 100 வாட்-அவர் (பேட்டரியில் அடங்கும் மின்சக்தியின் அளவு) வரை அனுமதி கேட்க வேண்டாம். கடையில் 20,000 எம்ஏஎச் என்று விற்பது சுமார் 74 வாட்-அவர்தான். சேலத்திலிருந்து, காமலாபுரத்திலிருந்து, சின்ன ஏடிஆர் விமானத்தில் ஏறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் தலைக்கு மேல் இருக்கும் இடம் குறுகல். கேபின் பையைப் படிக்கட்டருகே வாங்கி அடியில் வைத்தாலும் வைப்பார்கள். கொடுப்பதற்கு முன் பவர் பேங்க்கை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி தொலைந்தால் என்ன செய்வது என்று விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன். ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான். சுருக்கமாகச் சொல்கிறேன். பெட்டி வரவில்லையா, உடைந்து வந்ததா, விமான நிலையத்தை விட்டு வெளியே வராதீர்கள். அங்கேயே கம்பெனி மேசையில் புகார் எழுதி, நகலும் எண்ணும் வாங்குங்கள். வெளிநாட்டுப் பயணத்தில் சேதத்துக்கு, பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்தில் புகார் போக வேண்டும். தாமதமாக வந்தால், வந்ததிலிருந்து 21 நாள். 21 நாளாகியும் வரவில்லை என்றால் தொலைந்ததாகவே கணக்கு, இழப்பீடு கேட்கலாம். இதற்கெல்லாம் ஆதாரம், கவுன்டரில் உங்கள் போர்டிங் பாஸ் பின்னால் ஒட்டிக் கொடுக்கும் அந்தச் சின்ன ஸ்டிக்கர்தான். பெட்டி வீட்டுக்குள் வரும்வரை அதைக் கிழித்துப் போடாதீர்கள். நன்றி, வணக்கம்.