தம்பிக்கும் சிகிச்சை, எங்களுக்கும் சிகிச்சை

வணக்கம். தம்பியிடம் கேட்டுவிட்டுத்தான் இந்த வீடியோவை எடுக்கிறேன். "என் பேரும் முகமும் வேண்டாம்க்கா, மத்தபடி எல்லாத்தையும் சொல்லு" என்றான். சொல்கிறேன்.

பைக்கில் விழுந்து தோள்பட்டை உடைந்தபோது அவனுக்கு வலி மாத்திரை பழக்கமானது. தோள் ஆறிவிட்டது, மாத்திரை நிற்கவில்லை. டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கிற கடையை நண்பர்கள் காட்டிக்கொடுத்தார்கள். கடைசியில் ஊசி வரைக்கும் போய்விட்டான். எங்களுக்குத் தெரியவே ஒன்றரை வருடம் ஆனது.

முதல் தடவை, யாரோ சொன்னார்கள் என்று ஒரு போதை மீட்பு மையத்தில் சேர்த்தோம். ராத்திரி பதினொரு மணிக்கு நாலு பேர் வண்டியோடு வந்து அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மூன்று மாதம் முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லை. அங்கே டாக்டரே கிடையாது, அடிதான் வைத்தியம் என்பது அவன் திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது. அந்த ராத்திரியைப் பற்றிப் பேச்செடுத்தால் அம்மா இன்றைக்கும் எழுந்து உள்ளே போய்விடுவார்.

வந்த பன்னிரண்டாம் நாள் மறுபடியும் எடுத்துவிட்டான். குளியலறைக் கதவை உடைத்துத்தான் வெளியே தூக்கினோம். உதடு நீலமாகிவிட்டது, மூச்சு விட்டுவிட்டு வந்தது. இதை எல்லா வீட்டுக்கும் சொல்ல வேண்டும் என்றுதான் கேமரா முன்னால் உட்கார்ந்தேன். அபின் வகை வலி மாத்திரையோ ஹெராயினோ சில வாரம் நிறுத்தியிருந்தால், முன்பு தாங்கிய அளவை உடம்பு தாங்காது. அதே பழைய அளவை எடுத்தால் மூச்சே நின்றுபோகும். சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வருகிற அந்த முதல் சில வாரம்தான் ரொம்ப ஆபத்தானது. நாங்கள் அப்போது கோயிலில் வேண்டுதல் முடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தோம்.

இரண்டாவது தடவை ஒரு மனநல டாக்டரிடம் போனோம். போதையை நிறுத்தினால் உடல் முறுக்கல், வாந்தி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை எல்லாம் வரும், இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய் அப்புறம் தணியும், மருந்து கொடுத்தால் தாங்கலாம் என்று அவனிடமே விளக்கினார். குடிப்பழக்கம் முற்றியவர்கள் வீட்டிலேயே சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம், அதையும் டாக்டரை வைத்துத்தான் செய்ய வேண்டும் என்றார்.

அப்புறம் மனநல ஆலோசனை சொல்கிற கவுன்சிலர் எங்களைக் கூப்பிட்டார். அம்மாவிடம், "அவன் வாங்கின கடனை யார் அடைச்சாங்க?" என்று கேட்டார். அம்மா சங்கிலியை அடகு வைத்து அடைத்திருந்தார். என்னிடம், "அவன் வேலைக்குப் போகாத நாள்ல ஆபீஸுக்கு யார் போன் பண்ணுவாங்க?" நான்தான். காய்ச்சல் என்று சொல்வேன். அவன் பழக்கத்தின் பாரம் எதுவும் அவன்மேல் விழாமல் இத்தனை நாள் தாங்கிப் பிடித்தது நாங்கள்தான். திட்டவில்லை அவர், ஆனால் அன்று பஸ்ஸில் திரும்பும்போது நானும் அம்மாவும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

இப்படிக் குடும்பத்தையும் உட்காரவைத்துப் பேசுகிற வழிக்கு நம் சென்னையிலேயே ஒரு முன்னோடி இருக்கிறார். சாந்தி ரங்கநாதன். குடிநோயால் 1979-ல் கணவரை இழந்தவர். அடுத்த ஆண்டே கணவர் பெயரில் அறக்கட்டளை தொடங்கினார். இந்திரா நகரில் இருக்கிற டிடிகே மருத்துவமனை அதிலிருந்து வந்ததுதான். நோயாளிக்கு நடக்கிற மாதிரியே வீட்டாருக்கும் அங்கே சிகிச்சை உண்டு. திருவாரூர் பக்கம் மஞ்சக்குடியில் கிராமத்துக்குள்ளேயே முகாம் போட்டார்கள். 1992-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். தம்பி அங்கே சிகிச்சை எடுக்கவில்லை. ஆனால் கணவரைப் பறிகொடுத்த ஒரு பெண் அடுத்தவர் வீட்டுக்காக இவ்வளவு செய்திருக்கிறார் என்று படித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

சரி, எங்கள் வீட்டில் என்ன மாறியது? பணத்தை அவன் கையில் கொடுப்பதில்லை, கடனையும் நாங்கள் அடைப்பதில்லை. இதை ஒளித்துச் செய்யவில்லை, அவனை உட்காரவைத்துச் சொல்லிவிட்டுத்தான் செய்தோம். டாக்டர் கொடுத்த சிகிச்சை மாத்திரையை அம்மா கையால் கொடுப்பார். பையைத் துழாவுவதை நிறுத்தினோம், அது எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது. நடுவில் ஒரு தடவை சறுக்கினான். அன்றைக்கே அவனாக வந்து சொன்னான். கத்தாமல் மறுநாள் டாக்டரிடம் கூட்டிப்போனோம். போன தடவை பயந்து கதவைப் பூட்டிக்கொண்டவன் இந்தத் தடவை வாய் திறந்து சொன்னானே, எனக்கு அதுவே பெரிய விஷயம்.

போலீஸுக்குப் பயந்து ஒளித்து வைக்கிற வீடுகளுக்கு ஒன்று. 1985-ம் வருடத்துப் போதைப்பொருள் சட்டத்தில் 64-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. சொந்த உபயோகம் அல்லது சிறிய அளவு சம்பந்தப்பட்ட வழக்கில் சிக்கிய, போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு கிடைக்க வழி உண்டு. ஒரு வக்கீலிடம் கேளுங்கள். எங்கே போவது என்றே தெரியவில்லையா, 14446-க்குப் போன் போடுங்கள். மத்திய அரசின் இலவச உதவி எண். ஒரு மையத்துக்குப் போனால் டாக்டர் உண்டா, வீட்டார் வந்து பார்க்கலாமா என்று முதலில் கேளுங்கள். "பார்க்க முடியாது" என்றால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.

கேட் சத்தம் கேட்கிறது, தம்பி வேலையிலிருந்து வந்துவிட்டான். முன்பெல்லாம் அம்மா ஓடிப்போய் அவன் கண்ணைத்தான் பார்ப்பார். இப்போது "சாப்பிட்டியாப்பா?" என்கிறார். நான் போய்த் தோசை ஊற்றுகிறேன், அடுத்த வீடியோவில் பார்க்கலாம்.