அடுப்புக் காலால் ஏறிய பாறை

(பத்தாங் பெர்ஜுந்தையில் தோட்டத்து இளைஞர்களிடம் பேசியது)

பெரியவர்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

பத்துமலைக்குப் போகாதவர் இந்த மண்டபத்தில் இருக்க முடியாது. காவடி, பால்குடம், 272 படி எல்லாம் நமக்குத் தெரியும். ஆனால் அதே சுண்ணாம்புக் குன்றில் இன்னொரு பக்கம் கயிறு கட்டிப் பாறை ஏறுகிறவர்களைப் பார்த்தவர் எத்தனை பேர்? அதற்காக வெளிநாட்டிலிருந்து விமானம் ஏறி வருகிறார்கள். பக்கத்தில் இருக்கிற நாம், அதெல்லாம் காசுள்ளவன் விளையாட்டு என்று சொல்லிவிடுகிறோம். அது தப்பு என்று சொல்லத்தான் வந்தேன்.

ஜோ பிரவுன், மான்செஸ்டரில் குழாய் வேலை பார்த்தவர். முதலில் அவர் ஏறப் பழகியது அம்மா தூக்கிப்போட்ட துணிக்கொடிக் கயிற்றில். அதே ஆள்தான் 1955-இல் ஜார்ஜ் பேண்டுடன் இமயமலையின் கஞ்சன்ஜங்கா சிகரத்தை முதன்முதலில் ஏறினார். அந்த உச்சி சிக்கிம் மக்களுக்குப் புனிதம் என்பதால், கொடுத்த வாக்கைக் காப்பாற்றிச் சில அடி கீழேயே நின்று திரும்பிவிட்டார்கள். அவ்வளவு தூரம் போய்விட்டு! எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது அதனால்தான்.

அப்புறம் கலிபோர்னியாவின் எல் கேப்பிடான். சுமார் 900 மீட்டர், நெட்டுக்குத்தாக நிற்கும் கருங்கல். 1957-இல் வாரன் ஹார்டிங் அதில் கைவைத்தார், நில அளவை வேலை செய்தவர். ஓர் இடத்தில் பாறை இடுக்கு அகலம், அந்த அளவுக்கு ஆணி கிடைக்கவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? கழித்துப்போட்ட பழைய அடுப்புகளின் இரும்புக் கால்களைக் கொண்டுவந்து இடுக்கில் அடித்து, அதில் தொங்கி ஏறினார்கள். இன்றைக்கும் அந்த இடத்துக்கு அடுப்புக்கால் இடுக்கு என்றுதான் பெயர். விட்டுவிட்டு ஏறி, கடைசி ராத்திரி முழுக்கப் பாறையில் துளை போட்டு, 1958 நவம்பர் 12 விடியும்போது மேலே நின்றார்.

அதே வழியை 1993-இல் லின் ஹில் என்ற பெண், ஆணியில் தொங்காமல் கை காலை மட்டும் நம்பி ஏறி முடித்தார், ஆள் தவறி விழுந்தால் தாங்குவதற்கு மட்டும்தான் கயிறு. அதுவரை எந்த ஆணும் முடிக்காதது. ஆள் ஐந்தடி சொச்சம், ஆண்களின் விரல் நுழையாத இடுக்கில் அவர் விரல் நுழைந்தது. மறு வருஷம் ஒரே நாளுக்குள் ஏறிக் காட்டினார். தங்கைகளே, இதை உங்களுக்காகத்தான் சொல்கிறேன்.

டாமி கால்டுவெல் 2001-இல் மரம் அறுக்கும் இயந்திரத்தில் இடது ஆள்காட்டி விரலை இழந்தவர். பாறை ஏறுகிறவனுக்கு விரல் போனால் எல்லாம் போச்சு என்றுதான் நினைப்போம். 2015-இல் கெவின் ஜோர்கசனுடன் 19 நாள் அந்தப் பாறையிலேயே தூங்கி, டான் வால் என்ற பக்கத்தை ஏறினார். ஆலையில் விரலைக் கொடுத்துவிட்டு அதற்குப் பிறகும் குலை அறுத்த என் அப்பாவின் கையைத்தான் நினைத்துக்கொண்டேன்.

2017-இல் அலெக்ஸ் ஹொனால்ட் கயிறே இல்லாமல் எல் கேப்பிடான் ஏறினார், நான்கு மணி நேரத்துக்குள். தம்பிகள் எல்லாரும் அந்தக் காணொளியைப் பார்த்திருப்பீர்கள். அவர் அதே வழியில் கயிற்றோடு பலமுறை ஏறிப் பழகியவர். நம்மில் யாரும் கயிறில்லாமல் பாறையில் கால் வைக்கக் கூடாது, இதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை.

எவரெஸ்டில் முதலில் நின்ற மலேசியர்கள் யார்? 1997 மே 23, மகேந்திரனும் மோகனதாசும். நம் பிள்ளைகள்தான்.

சரி, பாறை ஏறப் போக ஞாயிறு காலை ஆறரைக்குக் கோயில் முன்னால் வேன் நிற்கும். கயிறு, தலைக்கவசம், சொல்லிக்கொடுக்க ஆள் எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. பதினெட்டு வயது ஆகாதவர்கள் அப்பா அம்மா கையெழுத்தோடு வாருங்கள். பசியாறிவிட்டு வாருங்கள், நகத்தை வெட்டிக்கொண்டு வாருங்கள்.