ஹேஸ்பரோ: கடல் பறிக்கும் கிராமம்

அவையோருக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், நார்ஃபோக் பகுதியில் உள்ள சிற்றூர் ஹேஸ்பரோ. அங்கே சிவப்பு வெள்ளைப் பட்டையோடு 26 மீட்டர் உயரக் கலங்கரை விளக்கம் நிற்கிறது. 1790இல் எழுப்பியபோது அதற்குத் துணையாகக் குட்டையான இன்னொன்றும் இருந்தது. ஒன்று போதாதா என்று கேட்பீர்கள். ஊருக்கு எதிரே கடலுக்கடியில் நீண்ட மணல்திட்டு கிடக்கிறது. இரண்டு விளக்கும் ஒரே நேர்கோட்டில் தெரியும்படி கப்பலைச் செலுத்தினால் திட்டின் தென்முனையைச் சுற்றிப் போய்விடலாம். விலகினால் தரைதட்டும். 1801 மார்ச்சில் 'இன்வின்சிபிள்' போர்க்கப்பல் அதற்கு அருகே ஹேமண்ட்ஸ் நோல் என்ற இன்னொரு திட்டில் சிக்கி 400 பேருக்கு மேல் மாண்டார்கள். கரையொதுங்கிய உடல்கள் ஊர்த் தேவாலயத்து மண்ணில், ஒரே குழியில் புதைக்கப்பட்டன.

குட்டை விளக்கம் இப்போது இல்லை. கரை அரிப்புக்கு அஞ்சி 1883இல் அதைக் கைவிட்டார்கள்.

அந்தக் கரைமேட்டில் பாறையே கிடையாது. பனியாறுகள் விட்டுப்போன களிமண்ணும் மணலும்தான். எல்லோரும் அலையை மட்டும் பழிக்கிறார்கள், மழைக்கும் பங்குண்டு. மணலில் இறங்கும் மழைநீர் களிமண்ணில் தடைபட்டு மேட்டின் முகப்பில் கசிகிறது. ஊறிய மண் பாளம்பாளமாகச் சரிகிறது. சரிந்ததை அலை வாரிக்கொண்டு போனதும் அடுத்த பாளம் பிடிமானம் இழக்கிறது.

1950களின் கடைசியில் கரையோரமாக மரத்தடுப்பு போட்டார்கள். இடைவெளிவிட்ட பலகைகள் அலையின் வேகத்தை உடைக்கும். 1990களில் ஒரு பகுதி சிதைந்தது, மறுபடி கட்டவில்லை. அந்த இடைவெளியில் கடல் புகுந்து குடாபோலக் குடைந்துவிட்டது. பீச் ரோடு வீடுகள் ஒவ்வொன்றாகப் போயின. சட்டப்படி இழப்பீடு கிடையாது. இது பெரிய அநீதி என்றே சொல்வேன். மிஞ்சிய சில வீடுகளை மட்டும் பின்னாளில் பொதுப்பணத்தில் வாங்கி இடித்தார்கள்.

அதே அரிப்புதான் 2013 மே மாதம் கடற்கரை மணலை விலக்கி, பழங்கால ஆற்றுச் சேற்றில் பதிந்த காலடித் தடங்களைக் காட்டியது. வயது 8 லட்சம் ஆண்டுகளுக்கு மேல். ஆப்பிரிக்காவுக்கு வெளியே அவ்வளவு பழைய தடங்கள் அதுவரை கிடைத்ததில்லை. ஓதம் திரும்புவதற்குள் குழிகளில் தேங்கிய நீரை ஒற்றியெடுத்து, பல கோணங்களில் படமெடுத்து, கணினியில் முப்பரிமாண வடிவம் செய்தார்கள். பெரியவர்களும் சிறுவர்களும் சேர்ந்து நடந்திருக்கிறார்கள் என்பது தடங்களின் அளவிலிருந்து தெரிந்தது. இரண்டே வாரத்தில் அலை அவற்றை அழித்துவிட்டது.

மிஞ்சிய கலங்கரை விளக்கத்தையும் 1988இல் அணைத்துவிட இருந்தார்கள். ஊரார் போராடினார்கள், 1990இல் அதற்கென்றே நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றியது. இன்றும் ஓர் அறக்கட்டளை அதை நடத்துகிறது. 30 நொடிக்கு ஒருமுறை மூன்று மின்னல்.

பார்க்கப் போகிறவர்கள் மேட்டின் விளிம்பிலும் நிற்க வேண்டாம், அடியிலும் உட்கார வேண்டாம். மழை ஓய்ந்த பிறகும் மண் சரியும்.