தினசரி சாப்பாட்டுக்கு ஒரு பார்பெரா

வணக்கம். இத்தாலிய ஒயின் என்றதும் பலருக்கும் பரோலோதான் ஞாபகம் வரும். அதை நினைத்த நேரத்துக்கெல்லாம் வாங்க முடியாது. அந்த பரோலோ விளைகிற பியமோந்தே மாநிலத்தில், ஜனங்கள் வீட்டில் சாப்பாட்டோடு ஊற்றிக்கொள்வது பார்பெரா, அதே பெயருள்ள திராட்சையில் செய்கிற சிவப்பு ஒயின். இன்றைக்கு அதில் ஆஸ்தி என்ற ஊர்ப் பக்கத்து ஒயினான பார்பெரா தாஸ்தியை எடுத்திருக்கிறேன். இத்தாலியில் பத்துப் பதினைந்து யூரோவுக்குள்ளேயே நல்ல பாட்டில் கிடைக்கும்.

நிறத்தைப் பாருங்கள். நடுவில் நல்ல அடர்த்தி, ஓரத்தில் ஊதா. வாயில் வைத்ததும் புளிப்புச் செர்ரி, உடனே எச்சில் ஊறுகிறது. நாக்கைப் பிடிக்கிற துவர்ப்பு ரொம்பக் குறைவு. இந்தத் திராட்சையின் குணமே அதுதான்: புளிப்பு தூக்கல், துவர்ப்பு கம்மி. தக்காளி சாஸ் போட்ட பாஸ்தாவுக்கு இது அவ்வளவு பொருந்துவதும் அதனால்தான். புளிப்பில்லாத ஒயின் தக்காளிக்கு முன்னால் சப்பென்று ஆகிவிடும்.

ரொம்ப காலம் இதை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. 1986-ல் சில வியாபாரிகள் மலிவு ஒயினில் மெத்தனாலைக் கலந்து, இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். பார்பெராவின் பெயரும் அதில் அடிபட்டது. ஆனால் அதற்கு முன்பே, ரோக்கெட்டா தானாரோ என்ற ஊரில் ஜாக்கோமோ போலோனியா என்பவர் வேறு வழியில் இறங்கியிருந்தார். 1982 அறுவடையை 225 லிட்டர் பிடிக்கிற சின்ன பிரெஞ்சு ஓக் பீப்பாய்களில் வைத்து முதிர வைத்தார். ப்ரிக்கோ தெல்லுச்செல்லோனே என்று அதற்குப் பெயர். திராட்சையில் இல்லாத துவர்ப்பை மரம் கொடுத்தது. பார்பெராவுக்கும் பெரிய ஒயினாகும் தகுதி இருக்கிறது என்று ஊர் ஒப்புக்கொண்டது.

அதைப் பார்த்துப் பலரும் ஓக்கில் இறங்கினார்கள். எனக்கு அதில் ஒரு வருத்தம் உண்டு. புது ஓக் அதிகமானால் வெனிலாவும் கருகின வாசமும் மேலே வந்து, செர்ரி அடியில் அமுங்கிவிடுகிறது. விலையும் ஏறிவிடுகிறது. தினசரிக்கு என் கை போவது ஸ்டீல் தொட்டியில் செய்ததற்குத்தான். நொதிக்கும்போது சூட்டைக் கட்டுக்குள் வைப்பதால் பழ வாசனை போகாமல் நிற்கிறது. புதுமையில் இந்த அளவே போதும். அந்தப் பழைய புளிப்பு அப்படியே இருக்கட்டும், அதை மழுக்கிவிட்டால் பார்பெரா எதற்கு?

சரி, கடையில் லேபிளைப் பாருங்கள். சுப்பீரியோரே என்று போட்டிருந்தால், குறைந்தது 14 மாதம் முதிர்ந்தது, அதில் 6 மாதம் மரத்தில். ஞாயிற்றுக்கிழமைக் கறிச் சாப்பாட்டுக்கு அது சரி. மற்ற நாளுக்கு அந்த வார்த்தை இல்லாத, சமீபத்திய அறுவடைப் பாட்டிலாக எடுங்கள். அப்புறம், ஊற்றுவதற்கு முன்னால் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். 15, 16 டிகிரியில்தான் அந்தச் செர்ரி பளிச்சென்று தெரியும்.