வெல்டருக்கு எதற்குச் சம்பளம்?

வணக்கம் நேயர்களே. வெல்டிங் வேலையைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். முதலில் பற்றவைப்பது, பிற்காலத்தில் மற்றவர்கள் பற்றவைத்ததைச் சோதிப்பது, இதுதான் என் பிழைப்பு. இந்த வேலைக்கு வர நினைக்கிற பிள்ளைகளும் சரி, அவர்களைப் பெற்றவர்களும் சரி, எடுத்தவுடன் கேட்பது ஒன்றுதான்: "வெல்டருக்கு என்ன சம்பளம் கிடைக்கும்?" நான் திருப்பிக் கேட்பேன்: "வெல்டருக்கு வைக்கிற தகுதி டெஸ்ட்களில் எந்த டெஸ்ட் வரைக்கும் போவதாக உத்தேசம்?" தட்டிக் கழிக்கிறேன் என்று சிலர் நினைப்பார்கள். அப்படியில்லை. இந்தத் தொழிலில் இரண்டும் ஒரே கேள்விதான்.

ஏன் என்று சொல்கிறேன். தச்சர் செய்த கதவை ஆட்டிப் பார்த்து நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடலாம். வெல்டிங்கை அப்படிச் சொல்ல முடியாது. மேலே வரிவரியாக அழகாக இருக்கும், உள்ளே இரும்போடு இரும்பு சேராமலே இருக்கும். அழுத்தம் தாங்க வேண்டிய குழாயில் அப்படி ஒரு இடம் இருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். 1943 ஜனவரியில், அமெரிக்காவில், ஸ்கெனெக்டடி என்ற புத்தம் புதிய எண்ணெய்க் கப்பல் வெள்ளோட்டம் முடிந்து துறைமுகத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தபோதே நடுவில் விரிந்து பிளந்தது. புயல் இல்லை, அலை இல்லை. வெல்டிங் சரியில்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். குளிரில் நொறுங்கும் தரத்தில் இரும்பு இருந்ததும் காரணம் என்பது பிறகு தெரிந்தது. அன்றைக்கு அதைக் கண்ணால் பார்த்து யாரும் சொல்லியிருக்க முடியாது. கண்ணுக்குத் தெரியாத அந்த உள்பக்கத்தை நம்பி ஒப்படைப்பதற்குத்தான் சம்பளம்.

சரி, அன்றாடம் என்ன வேலை? நாள் முழுக்கத் தீப்பொறி பறக்கும் என்று நினைத்து வருகிறார்கள். கையால் செய்கிற வேலையில் ராடு, அதாவது உருகி இணைப்பை நிரப்புகிற கம்பி, எரிகிற நேரம் பாதி நாள்கூட இருக்காது. டிராயிங்கைப் பார்க்க வேண்டும். எந்த ராடு, எத்தனை ஆம்பியர், முன்கூட்டிச் சூடாக்க வேண்டுமா என்று எழுதித் தந்திருக்கும் முறையைப் படிக்க வேண்டும். ஓரத்தைச் சரிவாகக் கிரைண்டர் போட்டு, துருவும் எண்ணெயும் போகத் துடைத்து, இடைவெளி விட்டுப் பொருத்தி, நகராமல் இருக்க அங்கங்கே சின்னதாகப் பற்றவைத்து டேக் அடிக்க வேண்டும். சூடு பட்டால் இரும்பு இழுத்துக்கொள்ளும். எந்தப் பக்கம் இழுக்கும் என்று முன்பே கணக்குப் போட்டு, எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று வரிசை வைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம்தான் ராடைப் பிடிக்கும் ஹோல்டரைக் கையில் எடுப்பது.

எடுத்த பிறகு, இணைப்பின் அடியில் போடுகிற முதல் சுற்றுக்குப் பெயர் ரூட். குழாயில் ரூட் போடுகிறவரைப் பக்கத்தில் நின்று கவனியுங்கள், உடம்பு அசையாது, மணிக்கட்டு மட்டும் நகரும். கறுப்புக் கண்ணாடிக்குள் அவர் பார்ப்பது வெளிச்சத்தை அல்ல, உருகிய குழம்பின் முன் ஓரத்தில் திறந்திருக்கும் ஒரு சின்ன ஓட்டையை. அது பெரிதானால் உள்ளே ஒழுகிவிடும், மூடிக்கொண்டால் அடிவரை உருகவில்லை என்று அர்த்தம். அந்த ஓட்டையை ஒரே அளவில் வைத்துக்கொண்டே சுற்றி வர வேண்டும். காதுக்கும் வேலை உண்டு, ராடு முனைக்கும் இரும்புக்கும் நடுவே எரிகிற மின்சுடர்தான் ஆர்க், அதன் நீளம் மாறினால் சத்தம் மாறும். இதன் மேல் நிரப்புவதும் கடைசியில் மேல் அடுக்கான கேப்பிங் போடுவதும் ஒப்பிட்டால் சுலபம். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே, மேலே படியும் ஸ்லாக் என்ற கசடைத் தட்டி, பிரஷ் போட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். சோம்பல்பட்டால் அந்தக் கசடு உள்ளேயே புதைந்து எக்ஸ்ரே படத்தில் கோடாகக் காட்டிக்கொடுக்கும்.

ராடு விஷயமும் இப்படித்தான். 7018 என்று ஒரு ராடு. அதில் 70 என்பது சதுர அங்குலத்துக்கு 70,000 பவுண்டு இழுவையைத் தாங்கும் என்பதைச் சொல்கிறது, 1 என்றால் எல்லா நிலையிலும் போடலாம், கடைசி எண் மேல்பூச்சின் வகை. இதை ஏன் சூடான பெட்டியிலேயே வைத்திருக்கிறார்கள்? பூச்சு ஈரத்தை உறிஞ்சினால் அந்த ஈரம் ஆர்க்கில் ஹைட்ரஜனாகி இரும்புக்குள் போய்விடும். கெட்டியான இரும்பில் பிளவு உடனே தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துக்கூட வரும். வேலை முடித்தவர் வீட்டுக்குப் போயிருப்பார், விரிசல் மெதுவாக வந்துகொண்டிருக்கும்!

இப்போது டெஸ்ட்டுக்கு வருகிறேன். தகட்டை மேசையில் படுக்க வைத்துப் போடுவது 1ஜி. தகட்டை நிமிர்த்தி நிறுத்திக் கிடைமட்டக் கோடாகப் போடுவது 2ஜி, செங்குத்து 3ஜி, தலைக்கு மேலே 4ஜி. குழாயைப் படுக்க வைத்து, சுழற்றாமல், நாமே சுற்றி வந்து போடுவது 5ஜி. அதையே 45 டிகிரி சாய்த்து நிறுத்தினால் 6ஜி. ஒரே சுற்றில் எல்லா நிலையும் வந்துவிடும் என்பதால் 6ஜி தேறியவருக்கு மதிப்பு அதிகம். போட்டு முடித்ததும் துண்டு துண்டாக வெட்டி வளைத்துப் பார்ப்பார்கள், அல்லது எக்ஸ்ரே எடுப்பார்கள். தேறிவிட்டால் ஆயுசுக்கும் செல்லும் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான விதிகளில், தேறிய அந்த வெல்டிங் முறையில் ஆறு மாதம் வேலை செய்யாமல் இருந்தால் தகுதி போய்விடும், மறுபடி டெஸ்ட்தான். வேலை செய்ததற்கான பதிவைப் பத்திரமாக வைத்துக்கொள்ளாமல் திண்டாடுகிற நல்ல வெல்டர்களைப் பார்த்திருக்கிறேன்.

சம்பளம் இதை ஒட்டியே ஏறும். கிரில், கேட் செய்கிற பட்டறையில் ஒரு கூலி, கட்டுமான இரும்பில் அதைவிடக் கூட, அழுத்தக் குழாய், பாய்லர், கப்பல் என்று போனால் இன்னும் கூட. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் அலுமினியத்திலும் ஆர்கான் வெல்டிங், அதாவது காற்று படாமல் ஆர்கான் வாயுவால் மூடிப் பற்றவைப்பது, தெரிந்தவரைத் தேடி வருவார்கள். ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கிற நாட்களில் ராத்திரி பகலாக வேலை இருக்கும், ஓவர்டைம் குவியும். ஆனால் அந்த வேலை முடிந்ததும் அடுத்தது வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். ஆகவே ஒப்பந்த வேலையில் ஒரு மாத வருமானத்தைப் பார்த்து மயங்காமல் ஒரு வருடத்துக்குக் கணக்குப் போடுங்கள். வெளிநாட்டு வேலை என்றால் தங்குமிடம், டெஸ்ட் செலவு, போகவர டிக்கெட் யார் பொறுப்பு என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெறும் கண்ணால் ஆர்க்கைப் பார்த்தால் அப்போது ஒன்றும் தெரியாது, சில மணி நேரம் கழித்து ராத்திரியில் கண்ணுக்குள் மண்ணை வாரிப் போட்டது போல உறுத்தும். அதைவிடப் பெரிய விஷயம் புகை. உலக சுகாதார அமைப்பின் கீழ் உள்ள புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வெல்டிங் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகுப்பில் 2017இல் சேர்த்தது. துத்தநாகம் பூசிய தகட்டில் பற்றவைத்துவிட்டு மாலையில் குளிர்காய்ச்சலோடு படுத்தவர்கள் ஏராளம். பால் குடித்தால் போதும் என்று ஒரு நம்பிக்கை இந்தத் தொழிலில் இருக்கிறது. நுரையீரலுக்குப் போன புகையைப் பால் தொடாது. துத்தநாகப் பூச்சை முதலில் தேய்த்து எடுங்கள், புகையை இழுக்கும் மின்விசிறி வையுங்கள், சரியான மாஸ்க் போடுங்கள். தொட்டிக்குள் இறங்கினால் வெளியே ஒரு ஆள் கட்டாயம் நிற்க வேண்டும். ஆர்கானுக்கு மணம் கிடையாது, காற்றைவிடக் கனம், கீழே தேங்கி ஆக்ஸிஜனைத் தள்ளிவிடும். மயக்கம் வரும் முன் எந்த எச்சரிக்கையும் இருக்காது.

ரோபோ வந்தபின் வேலை இருக்குமா? ஒரே பொருளை ஆயிரக்கணக்கில் செய்கிற கார்த் தொழிற்சாலையில் ரோபோதான் பற்றவைக்கிறது, அங்கே மனிதர் போட்டி போட முடியாது. பழைய குழாய் ஒழுகுகிற இடத்தில், கை மட்டும் நுழைகிற சந்தில், கண்ணாடியில் பிம்பத்தைப் பார்த்துப் போட வேண்டிய வேலைக்கு இன்னும் மனிதர்தான். அதனால் புதிதாக வருகிறவர்கள் பழுதுபார்ப்பு, குழாய் வேலை பக்கம் போவது நல்லது என்பது என் கருத்து. பெண்கள் செய்யலாமா என்றும் கேட்கிறார்கள். தாராளமாக. கை நிதானம்தான் இங்கே பலம், அளவான கையுறையும் ஜாக்கெட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணும் முதுகும் தளரும் வயதில் சோதனையாளராகவோ பயிற்சியாளராகவோ மாறலாம், அதற்குத் தனிப் படிப்பும் சான்றிதழும் இருக்கின்றன.

கடைசியாக, பயிற்சி நிலையம் தேடுகிறவர்களுக்கு. சில மாதப் படிப்பும் உண்டு, ஒன்றிரண்டு வருடப் படிப்பும் உண்டு. காலத்தை விட, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ராடு கையில் இருக்கும், எத்தனை பேருக்கு ஒரு மெஷின் என்று கேளுங்கள். பின்னக் கணக்கும் கோணமும் டிராயிங்கும் சொல்லித் தருகிறார்களா என்று பாருங்கள். மாணவர்கள் போட்ட துண்டை அறுத்து வளைத்துப் பார்க்கும் வழக்கம் இருந்தால் உடைந்த துண்டுகள் எங்காவது கிடக்கும், அவற்றைக் காட்டச் சொல்லுங்கள். தகட்டை அறுக்காமல் படம் எடுத்துச் சுவரில் மாட்டி வைத்திருக்கிற இடமாக இருந்தால், பணம் கட்டும் முன் வேறு இடம் பார்த்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.