ஸ்டிரிப்பில் சிக்காத சிறுநீரக நோய்

(சென்னையில் கிராம சுகாதாரப் பணியாளர்களிடையே ஆற்றிய உரை)

அனைவருக்கும் வணக்கம். சிறுநீரகம் கெட்டுவிட்டது என்றதும் நாம் கேட்கும் முதல் கேள்வி, “சர்க்கரை இருக்கா? பிரஷர் இருக்கா?” இரண்டும் இல்லை என்கிறார் ஒருவர். கரும்பு வெட்டுகிறவர், நாற்பது வயதுகூட ஆகவில்லை. சிறுநீர் ஸ்டிரிப்பை நனைத்துப் பார்த்தால் அல்புமின் என்ற புரதம் நெகட்டிவ். “ஒன்றுமில்லை, போயிட்டு வாங்க” என்று அனுப்பிவிடுகிறோம். ‘காரணம் தெரியாத நாள்பட்ட சிறுநீரக நோய்’ தப்பித்துப் போவது அந்த இடத்தில்தான்.

சர்க்கரை நோய் முதலில் கெடுப்பது சிறுநீரகத்தின் வடிகட்டியை. அதனால் புரதம் ஒழுகும், ஸ்டிரிப் நிறம் மாறும். இந்த நோயிலோ அடிபடுவது வடிகட்டிக்கு அடுத்துள்ள நுண்குழாய்களும் அவற்றைச் சுற்றிய திசுவும். வெகுநாள் வரை புரதம் ஒழுகாது, கால் வீங்காது, ரத்த அழுத்தமும் பெரிதாக ஏறாது. ஆகவே ரத்தத்தில் கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய தசைக் கழிவு, எவ்வளவு என்று பார்த்தே ஆக வேண்டும்.

அதிலும் ஒரு பொறி இருக்கிறது. நம் லேப் சீட்டுகள் பலவற்றில் கிரியாட்டினின் 1.2 மி.கி. (ஒரு டெசிலிட்டருக்கு) வரை ‘நார்மல்’ என்று அச்சிட்டிருக்கும். 45 வயதுப் பெண்ணுக்கு 1.2 என்றால், கணக்குப் போட்டால் வடிகட்டும் திறன் நிமிடத்துக்குச் சுமார் 57 மி.லி.தான் வருகிறது. 60-க்குக் கீழே மூன்று மாதம் நீடித்தாலே நாள்பட்ட நோய். அதனால் எண்ணைப் பார்த்து நிற்காமல் வயது, பாலினம் சேர்த்து இஜிஎஃப்ஆர், அதாவது அந்த வடிகட்டும் திறனைக் கணக்கிடுங்கள். தசை வற்றிய உடம்பில் கிரியாட்டினின் குறைவாகவே காட்டும். உண்மை நிலை இன்னும் மோசமாக இருக்கலாம். வயலிலிருந்து நேரே வந்தவரிடம் ரத்தம் எடுத்தால் அளவு தற்காலிகமாக ஏறியிருக்கும். காலையில், வேலைக்குப் போகும் முன் எடுங்கள். இஜிஎஃப்ஆர் குறைந்திருந்தால் மூன்று மாதம் கழித்து மறுபடியும் எடுங்கள்.

காரணம் என்ன? எல் சால்வடோரிலும் நிகரகுவாவிலும் கரும்புத் தொழிலாளர்கள், இலங்கையின் வட மத்திய மாகாணத்தில் நெல் விவசாயிகள், ஆந்திராவில் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் மக்கள் என்று பல இடங்களில் இதே படம். களைக்கொல்லி, கடின நீர், ஃபுளோரைடு, கன உலோகம் எல்லாமே சந்தேகப் பட்டியலில் உண்டு. இலங்கை 2015-இல் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தடை செய்தது, பிறகு தடையைத் தளர்த்தியது. இன்றுவரை ஒன்றும் முடிவாகவில்லை. என் பார்வையில், காரணம் ஒன்றே ஒன்று என்று அடம்பிடிப்பதில் பயனில்லை. மத்திய அமெரிக்காவில் வலுவான சான்று வெயிலோடு சேர்ந்த கடும் உழைப்புக்குத்தான். நம் பக்கமும் போரூர் ஸ்ரீராமச்சந்திரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு உப்பளங்களில் 352 பேரைப் பரிசோதித்தபோது, 7 சதவீதம் பேருக்கு வடிகட்டும் திறன் குறைந்திருந்தது.

வியர்வையில் நீர் போகப் போக சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் குறைகிறது. தசை சிதைவதால் யூரிக் அமிலமும் ஏறுகிறது. இதோடு உடம்பு வலிக்கு மெடிக்கலில் வாங்கிய டைக்ளோஃபினாக் ஒன்று சேர்ந்தால், இருக்கிற கொஞ்ச ரத்த ஓட்டத்தையும் அது குறைக்கும். “என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?” என்றால் “எதுவும் இல்லை” என்பார்கள்; வலி மாத்திரையை மாத்திரைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பெயர் சொல்லிக் கேளுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும்.

தண்ணீர் குடிக்கச் சொல்வது எளிது. பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர், அதாவது கால் லிட்டர். மணிக்குச் சுமார் 1.4 லிட்டருக்கு மேல் வேண்டாம், அதற்கு மேல் போனால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். உப்புப் போட்ட மோர், நீராகாரம் நல்லது. சர்க்கரை நிறைந்த கூல்டிரிங்க்ஸ் வேண்டாம். ஆனால் ஒதுங்க இடமில்லாத வயலில் பெண்கள் வேண்டுமென்றே தண்ணீரைக் குறைக்கிறார்கள். டன் கணக்கில் கூலி வாங்குகிறவர் நிழலில் உட்கார்ந்தால் காசு போகிறது. கழிப்பறையும் சம்பளத்தோடு ஓய்வும் இல்லாமல் தண்ணீர்ப் பானையை மட்டும் வைத்துப் பயனில்லை. எல் சால்வடோரில் தண்ணீர், நிழல், ஓய்வு மூன்றையும் சேர்த்தே திட்டமிட்டார்கள்.

கடைசியாகப் பதிவேடு. தொழில் என்ற இடத்தில் ‘கூலி’ என்று எழுதி முடித்துவிடுகிறோம். என்ன வேலை, எத்தனை வருடம், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, கூலி நாள் கணக்கா டன் கணக்கா, குடிநீர் போர்வெல்லா கிணறா என்று எழுதுங்கள். அந்த ஐந்து விவரம் இல்லாத சீட்டை வைத்துக்கொண்டு, எந்த ஊரில் நோய் குவிகிறது என்று இங்கே சென்னையில் உட்கார்ந்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது.